திங்கட்கிழமை ஆபரேஷன், அதற்குள் இன்னொரு டாக்டரிடம் கேட்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். திண்டுக்கல் மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. என் அக்காவுக்கு 46 வயது. இடது மார்பில் கட்டி இருந்து, சதை டெஸ்ட் எடுத்ததில் கேன்சர் என்று வந்துவிட்டது. கட்டி 3 சென்டிமீட்டர், கிரேடு 3, அக்குளில் ஒரு நெறி கட்டியிருக்கிறது என்றார்கள். எங்கள் குடும்பம் பல வருடமாகப் பார்க்கும் சர்ஜன், வருகிற திங்கட்கிழமை சேர்ந்துவிடுங்கள், மார்பை முழுசாக எடுத்துவிடலாம், கீமோ வேண்டுமா என்று அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார். இன்னொரு இடத்தில் கேட்டால் நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. மாமாவோ, "அவர் கைராசிக்காரர், எங்கப்பாவுக்கு ஆபரேஷன் செய்து காப்பாற்றியவர், அவரைச் சந்தேகப்படுகிற மாதிரி ஆகிவிடும். நாலு பேரிடம் கேட்டால் நாலு விதமாகச் சொல்வார்கள், அதற்குள் பரவிவிட்டால் யார் பொறுப்பு?" என்கிறார். அக்காவிடம் வெறும் கட்டி என்று மட்டும் சொல்லி வைத்திருக்கிறோம். நான் என்ன செய்வது?

பதில்:

தம்பி, திங்கட்கிழமைக்குள் உங்கள் கைக்குக் கிடைக்கவேண்டுமே என்று இரண்டு வரிப் பதிலை முன்னாடியே அனுப்பிவிட்டேன். தாராளமாகக் கேளுங்கள், ஆபரேஷன் தேதியை ஒரு பத்து நாள் தள்ளி வைக்கச் சொல்லுங்கள் என்று எழுதியிருந்தேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்பதை இங்கே விரிவாக எழுதுகிறேன். இதே கேள்வியோடு, இதே பயத்தோடு, இதே மாமாவோடு வாரத்துக்கு இரண்டு குடும்பமாவது என் முன்னால் வந்து உட்காருகிறது, பாதிப் பேர் ஆபரேஷன் முடிந்த பிறகு வருகிறார்கள் என்பதுதான் என் வருத்தம்.

மாமாவின் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் அதுதான் எல்லோர் வாயையும் அடைக்கிற கேள்வி. அதற்குள் பரவிவிட்டால்? மார்பில் ஒரு கட்டி 3 சென்டிமீட்டர் ஆவதற்குப் பெரும்பாலும் பல மாதங்கள், சில சமயம் வருடங்கள் ஆகியிருக்கும். போன வாரம் முளைத்து அடுத்த வாரம் ஈரலுக்குப் போகிற சமாச்சாரம் இல்லை இது. அதற்காகத் தாமதமே ஒன்றும் செய்யாது என்று சொல்லவும் மாட்டேன். பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2020-ல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து ஒரு கணக்கு வெளியிட்டார்கள். அதன்படி ஆபரேஷன் நாலு வாரம் தள்ளிப்போனால் இறப்பு அபாயம் 6 முதல் 8 சதவீதம் வரை கூடுகிறது. நூறு பேரில் ஆறு பேர் கூடுதலாக இறப்பார்கள் என்று இதற்கு அர்த்தமில்லை, ஏற்கெனவே இருக்கிற அபாயம் அந்த அளவு ஏறும் என்று அர்த்தம். ஆகவே ஒரு வேலையாக, ஒரு கேள்விக்கு விடை தேடி, பத்துப் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டால் அக்காவுக்கு ஒன்றும் ஆகிவிடாது. நல்ல நாள் பார்க்கிறேன், ஆடி முடியட்டும், பெரியவனுக்குப் பரீட்சை முடியட்டும் என்று இரண்டு மூன்று மாதம் ஓடினால் ஆகும். நான் வாங்கித் தரச் சொல்வது முதல் வகை அவகாசம், அதற்கும் ஒரு கடைசித் தேதியை இன்றைக்கே காலண்டரில் வட்டமிட்டு வைத்துவிடுங்கள்.

படிக்கிற மற்றவர்களுக்காக இடையில் ஒன்று சொல்லிவிடுகிறேன். எல்லாப் புற்றுநோய்க்கும் இந்தப் பத்து நாள் பொருந்தாது. திடீரென்று வருகிற ரத்தப் புற்றுநோய் என்றால் ஒரு நாள் கூடக் கொடுக்கமுடியாது, சில வகைகளில் மணிக்கணக்குதான். முதுகுத்தண்டில் கட்டி அழுத்தி, கால் மரத்துப்போய் நடக்கமுடியாமல் ஆகிறது, சிறுநீர் போகவில்லை, மூச்சுத் திணறுகிறது, முகம் வீங்குகிறது, குடல் அடைத்துவிட்டது, ரத்தம் நிற்காமல் போகிறது என்றால் இருக்கிற இடத்தில் உடனே சிகிச்சையை ஆரம்பித்துவிட்டு, இரண்டாவது கருத்தை அப்புறம் படுக்கையில் இருந்தபடியே கேட்கலாம். உங்கள் அக்காவுக்கு இதில் எதுவும் இல்லை.

சரி, இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதை மூன்று தடவை படித்தேன், என் கண் தேடிய ஒரு சொல் அதில் இல்லை. ஐ.எச்.சி. ரிப்போர்ட்.

சதை டெஸ்ட் என்று நாம் சொல்கிற பயாப்சியில் முதலில் வருவது, இது புற்றுநோயா, எந்த வகை, எவ்வளவு முரட்டுத்தனமானது என்ற விவரம். உங்களுக்குக் கிரேடு 3 என்று வந்திருப்பது அதுதான். அதே சதைத் துண்டை வைத்து இன்னொரு சோதனை செய்யவேண்டும், அதுதான் ஐ.எச்.சி. அந்தக் கட்டிக்கு ஹார்மோன் தீனியாக இருக்கிறதா என்று பார்க்க ஈ.ஆர்., பி.ஆர். என்று இரண்டு, ஹெர்-2 என்கிற புரதம் அதிகமாக இருக்கிறதா என்று பார்க்க ஒன்று, எவ்வளவு வேகமாகப் பெருகுகிறது என்று பார்க்க கே.ஐ-67 என்று ஒன்று. ஊர்ப் பக்கம் சின்ன லேப்களில் இதைச் செய்ய வசதி இருக்காது, சாம்பிளை மதுரைக்கோ கோவைக்கோ சென்னைக்கோ அனுப்பவேண்டும், வர ஒரு வாரம் ஆகும். அதனால் பல இடங்களில், ஆபரேஷன் செய்து எடுத்த கட்டியிலேயே மொத்தமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுகிறார்கள். சின்னக் கட்டி, நெறி கட்டவில்லை என்றால் அது பெரிய நஷ்டமாக இல்லாமல் போகலாம். அக்காவுக்கு அப்படி இல்லை.

ஏன் என்றால், கட்டி 2 சென்டிமீட்டருக்கு மேல் இருந்து, அக்குளிலும் நெறி இருந்து, ஐ.எச்.சி.யில் ஹெர்-2 பாசிட்டிவ் என்றோ, அல்லது ஈ.ஆர்., பி.ஆர்., ஹெர்-2 மூன்றுமே நெகட்டிவ் என்றோ வந்தால், இன்றைக்குப் பெரும்பாலான புற்றுநோய் மருத்துவர்கள் கத்தியை முதலில் எடுக்கமாட்டார்கள். முதலில் ஊசி, அதாவது கீமோ, ஹெர்-2 என்றால் அதற்கான தனி மருந்தும் சேர்த்து ஐந்தாறு மாதம், அதற்குப் பிறகுதான் ஆபரேஷன். இதனால் கட்டி சுருங்கும், மார்பு முழுவதையும் எடுக்காமல் தப்பிக்க வழி கிடைக்கலாம், அக்குளில் உள்ள நெறிகளை மொத்தமாகச் சுரண்டி எடுக்கவேண்டிய அவசியம் குறையலாம் (அப்படி எடுத்தவர்களில் சிலருக்குக் கை வீங்கி, குடத்தைத் தூக்கமுடியாமல், வளையல் போடமுடியாமல் வாழ்நாள் முழுக்கப் படுகிற பாடு எனக்குத் தெரியும்). இதெல்லாவற்றையும் விட எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. கட்டி உள்ளே இருக்கும்போது மருந்து கொடுத்தால், அந்த மருந்து கேட்கிறதா இல்லையா என்று கண்ணால் பார்க்கலாம். சிலருக்கு ஆபரேஷன் செய்து எடுத்துப் பார்த்தால் கேன்சரே மிச்சமில்லாமல் கரைந்துபோயிருக்கும். சிலருக்கு மிச்சம் இருக்கும். அப்படி மிச்சம் இருப்பவர்களுக்கு ஆபரேஷனுக்குப் பிறகு வேறு மருந்து சேர்த்துக் கொடுத்தால் பலன் உண்டு என்று 2017-லும் 2018-லும் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகள் காட்டின, ஒன்று மூன்றும் நெகட்டிவ் வகைக்கும் பொருந்துவது, இன்னொன்று ஹெர்-2 வகைக்கு. முதலிலேயே கட்டியை எடுத்துவிட்டால் மருந்து வேலை செய்ததா என்று பார்க்க உள்ளே எதுவும் இல்லை. கீமோவை அப்புறமும் கொடுக்கலாம், கொடுப்பார்கள், பலனும் உண்டு. ஆனால் அந்தத் தகவல் போனது போனதுதான், திரும்ப வராது.

அதே ரிப்போர்ட்டில் ஈ.ஆர்., பி.ஆர். நன்றாக பாசிட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ் என்று வந்தால், உங்கள் சர்ஜன் சொன்னபடி ஆபரேஷனை முதலில் செய்வதே சரியாகப் போகலாம். அப்போது நான் உட்படப் பலரும் அதையேதான் சொல்லியிருப்போம். ஆகவே அவர் சொன்னது தப்பு என்று நான் சொல்லவில்லை, அது சரியா என்று முடிவு செய்யத் தேவையான தாள் இன்னும் வரவில்லை என்கிறேன். அந்தத் தாள் வருவதற்கு முன் திங்கட்கிழமை என்று ஒரு தேதி இருப்பதுதான் எனக்கு உறுத்துகிறது.

கூடவே அந்த நெறியைப் பற்றியும் கேளுங்கள். கையால் தடவிப் பார்த்துச் சொன்னதா, ஸ்கேன் பார்த்து அதில் ஊசி போட்டு எடுத்துப் பார்த்தார்களா? கட்டியில் பயாப்சி எடுத்ததனால்கூட சில நாள் நெறி கட்டும். அது வெறும் வீக்கமா, நோய் அங்கே போயிருக்கிறதா என்பதைப் பொறுத்து மொத்தத் திட்டமும் மாறும். அப்புறம், மார்பை முழுசாக எடுப்பது ஒன்றுதான் வழியா என்றும் கேளுங்கள். கட்டியையும் சுற்றிக் கொஞ்சம் சதையையும் மட்டும் எடுத்துவிட்டு, கதிர்வீச்சு, நம் ஊரில் கரண்ட் வைப்பது என்பார்களே அதைக் கொடுத்தால், உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று அமெரிக்காவில் பெர்னார்டு ஃபிஷரும் இத்தாலியில் உம்பர்ட்டோ வெரோனேசியும் 1970-களிலேயே ஆய்வுகளைத் தொடங்கி, 20 வருடம் நோயாளிகளைத் தொடர்ந்து பார்த்து 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் அது பொருந்தாது. கட்டி இருக்கிற இடம், மார்பின் அளவு, கட்டி ஒன்றா பலவா, கரண்ட் வைக்க மூன்று நாலு வாரம் டவுனில் தங்கமுடியுமா என்று பல விஷயம் இருக்கிறது, எல்லாம் கேட்டுவிட்டு, "எனக்கு முழுசாவே எடுத்துடுங்க டாக்டர், நிம்மதியா இருப்பேன்" என்று சொல்கிற பெண்களும் நிறைய, அதுவும் சரியான முடிவுதான். ஆனால் அந்த வாக்கியத்தை அக்கா சொல்லவேண்டும்.

இதில் எனக்கு ஏன் இவ்வளவு வேகம் என்றால், என் சித்திக்கு நடந்தது. நான் மருத்துவக் கல்லூரியை முடிக்கிற சமயம், விடுதியில் இருந்தேன். எங்கள் ஊரில் ஒரு நர்சிங் ஹோமில் சித்தியின் மார்பில் இருந்த கட்டியைக் கொழுப்புக் கட்டி என்று சொல்லி, மரத்துப்போக ஊசி போட்டு, அரை மணி நேரத்தில் எடுத்துத் தையல் போட்டு அனுப்பிவிட்டார்கள். எடுத்ததைப் பரிசோதனைக்கு அனுப்பவில்லை, பக்கெட்டில் போட்டுவிட்டார்கள். ஒன்றரை வருடம் கழித்து அதே தழும்பில் கட்டி திரும்ப வந்தபோது நெஞ்சுக்கூட்டில் ஒட்டியிருந்தது. "அந்தக் கட்டியை டெஸ்டுக்கு அனுப்பினீங்களா" என்ற ஒரு கேள்வியை யாராவது கேட்டிருக்கலாம். நான் கேட்டிருக்கலாம். அவர் நல்ல டாக்டர், தெரிந்தவர், அவரிடம் போய் என்ன கேட்பது என்று வீட்டில் எல்லோரும் இருந்துவிட்டார்கள். உங்கள் மாமா சொல்கிற அதே வார்த்தைகள்.

மாமாவிடம் இதைச் சொல்லுங்கள். இரண்டாவது கருத்து கேட்கப் போகிறோம் என்று என் நோயாளிகள் என்னிடமே சொல்கிறார்கள். போய்வாருங்கள் என்று ஃபைலை நானே அடுக்கிக் கொடுப்பேன். சில வருடங்களுக்கு முன் ஒரு அம்மாவுக்கு நான் எழுதிய திட்டத்தை இன்னொரு ஊரில் காட்டினார்கள், அங்கே அந்த ஸ்லைடை, அதாவது சதையை வைத்துப் பார்க்கிற கண்ணாடித் துண்டை, திரும்பப் பார்த்தவர், ஹெர்-2 ரிப்போர்ட்டை மறுபடி சோதிக்கச் சொன்னார், அது மாறி வந்தது, மருந்தும் மாறியது. அந்த அம்மா இப்போதும் என்னிடம்தான் வருகிறார். அன்று அந்த டாக்டருக்கு போன் போட்டு நன்றி சொன்னேன், மனதார. இதில் மனம் புண்படுகிற டாக்டர்கள் ஒருசிலர் இல்லாமல் இல்லை, ஆனால் நீங்கள் நினைப்பதை விடக் குறைவு. உடம்பு அக்காவுடையது, சர்ஜனின் மன வருத்தத்தை அதோடு தராசில் வைக்கமுடியாது.

அவரிடம் எப்படிச் சொல்வது என்று தயங்கினால் இப்படிச் சொல்லுங்கள்: "ஐயா, உங்க மேல நம்பிக்கை இருக்கு. ஐ.எச்.சி. ரிப்போர்ட் வந்தப்புறம் ஆபரேஷனை வெச்சுக்கலாமா? அதுக்குள்ள கேன்சர் ஸ்பெஷலிஸ்ட் ஒருத்தரையும் பார்த்துட்டு வர்றோம், நீங்களே ஒரு லெட்டர் கொடுத்தா நல்லது." பெரும்பாலும் இதோடு முடிந்துவிடும். அவரே லெட்டர் எழுதிக் கொடுத்தால் மாமாவின் தயக்கமும் போய்விடும். மாறாக, "இன்னைக்கே சேர்த்தாத்தான், இல்லைன்னா நான் பொறுப்பில்லை" என்று காரணம் சொல்லாமல் கோபப்பட்டால், நீங்கள் இன்னொருவரைப் பார்க்கவேண்டிய காரணம் ஒன்று கூடுகிறது.

ரிப்போர்ட்களைக் கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது. நோயாளியோ அவர் அனுமதித்தவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைக் கொடுக்கவேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு விதிமுறையிலேயே இருக்கிறது. தேசிய மனித உரிமை ஆணையம் தயாரித்த நோயாளிகள் உரிமைச் சாசனத்தில் இரண்டாவது கருத்து கேட்பதையே ஒரு உரிமையாக எழுதியிருக்கிறார்கள். இதைப் போய் அவர்கள் முன்னால் சட்டம் பேசவேண்டாம், தேவையிருக்காது, ஆனால் நாம் கேட்பது சலுகை என்று நினைத்துக் கூனிக்குறுகி நிற்கவும் வேண்டாம்.

என்னென்ன வாங்கவேண்டும்? எல்லோரும் ரிப்போர்ட்டை வாட்சப்பில் போட்டோ எடுத்து அனுப்பி, "பார்த்துச் சொல்லுங்க டாக்டர்" என்கிறார்கள். அது போதாது. ரிப்போர்ட் என்பது ஒருவர் மைக்ராஸ்கோப்பில் பார்த்து எழுதியது, இரண்டாவது கருத்தின் உயிர் எங்கே இருக்கிறது என்றால், அவர் பார்த்த அந்த ஸ்லைடை இன்னொருவர் தம் கண்ணால் பார்ப்பதில். அதனால் பயாப்சி செய்த லேபில் போய் ஸ்லைடும் பிளாக்கும் வேண்டும் என்று கேளுங்கள். ஸ்லைடு கண்ணாடித் துண்டு. பிளாக் என்பது சதையை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டி, தீப்பெட்டியை விடச் சிறிது. ஐ.எச்.சி. செய்ய அந்த பிளாக்தான் வேண்டும். கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுப்பார்கள், பயாப்சி நம்பர் ஒட்டியிருக்கிறதா, ரிப்போர்ட்டில் உள்ள நம்பரும் அதுவும் ஒன்றா என்று அங்கேயே நின்று பாருங்கள். மெழுகு என்பதால் வெயிலில் நிற்கும் பைக் பெட்டியில், பஸ் ஜன்னலோரத்தில் வைத்துவிடவேண்டாம். அங்கே வேலை முடிந்ததும் மிச்ச பிளாக்கைத் திரும்ப வாங்கிப் பத்திரமாக வையுங்கள், நாலு வருடம் கழித்துக்கூடத் தேவைப்படும். மேமோகிராம் ஃபிலிம், ஸ்கேன் சி.டி., ரத்தப் பரிசோதனைகள், சர்க்கரைக்கும் பிரஷருக்கும் அக்கா போடுகிற மாத்திரைச் சீட்டு எல்லாவற்றையும் தேதி வாரியாக அடுக்கி ஒரு மஞ்சப்பையில் போட்டுக்கொள்ளுங்கள். அம்மா, சித்தி, பெரியம்மா வழியில் யாருக்காவது மார்பிலோ சினைப்பையிலோ புற்றுநோய் இருந்ததா, எந்த வயதில் என்பதையும் பாட்டியிடம் கேட்டு எழுதி வையுங்கள், 46 வயதில் வந்திருப்பதால் அதைக் கட்டாயம் கேட்பார்கள்.

யாரிடம் போவது என்பதில் ஒன்றே ஒன்று: முதலில் பார்த்தவர் பொது சர்ஜன் என்றால், அடுத்தவர் இன்னொரு பொது சர்ஜனாக இருக்கக்கூடாது. கீமோ, கதிர்வீச்சு, ஆபரேஷன் மூன்றுக்கும் தனித்தனி நிபுணர்கள் ஒரே கூரையின் கீழ் இருந்து, ட்யூமர் போர்டு என்று சேர்ந்து உட்கார்ந்து பேசி முடிவெடுக்கிற இடமாகப் பாருங்கள். உங்களுக்குப் பக்கம் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனை. கொஞ்சம் தூரம் போகமுடியும் என்றால் வேலூர் சி.எம்.சி., புதுச்சேரி ஜிப்மர், காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனை, திருவனந்தபுரம் ஆர்.சி.சி., சென்னை அடையாறு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954-ல் பன்னிரண்டு படுக்கையோடு ஆரம்பித்த இடம் அடையாறு. டாக்டர் சாந்தா அங்கேயே தங்கி, அங்கேயே வாழ்ந்து அதை வளர்த்தார். கூட்டம் இருக்கும், காத்திருக்கவேண்டும், விடியற்காலையில் போய்விடுங்கள். 2012-ல் உருவான தேசியப் புற்றுநோய் கூட்டமைப்பில் மும்பை டாடா மெமோரியல் முதல் நம் பக்கத்து மருத்துவமனைகள் வரை பல சேர்ந்திருக்கின்றன, எந்த நிலைக்கு என்ன சிகிச்சை என்று பொதுவான வழிகாட்டி வைத்திருக்கிறார்கள். ஆகவே நாலு பேர் நாலு விதமாகச் சொல்வார்கள் என்ற மாமாவின் பயம் இப்போது முன்னளவுக்குப் பொருந்தாது. எல்லா ரிப்போர்ட்டும் கையில் இருந்தால் நல்ல இடங்கள் நாலும் கிட்டத்தட்ட ஒன்றையே சொல்லும். ரிப்போர்ட் பாதி இருக்கும்போதுதான் ஆளுக்கொன்று சொல்வார்கள்.

பணத்தைப் பற்றி நீங்கள் எழுதவில்லை, ஆனால் யோசித்திருப்பீர்கள். வருட வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்ட அட்டை இருக்கிறதா என்று பாருங்கள், குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை உண்டு. வேறு டாக்டரிடம் கருத்து கேட்பதால் அட்டையில் ஒரு ரூபாய் குறையாது. ஆனால் ஓர் இடத்தில் சிகிச்சையை ஆரம்பித்துவிட்டுப் பாதியில் இன்னோர் இடத்துக்கு மாறினால் அனுமதி வாங்குவதில் இழுபறி வரும், கேட்பதை முதலிலேயே கேட்டுவிடவேண்டும் என்பதற்கு இதுவும் ஒரு காரணம். சிகிச்சைக்கு ரயிலில் போவதானால் மருத்துவமனையில் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள், புற்றுநோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் டிக்கெட் இலவசம், கூடப் போகிற ஒருவருக்கு 75 சதவீதம் தள்ளுபடி.

இந்தப் பத்து நாளில் வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லாம் ஒவ்வொன்று சொல்வார்கள். கத்தி பட்டால் பரவிவிடும், பயாப்சி எடுத்ததே தப்பு, இன்ன ஊரில் ஒருவர் பச்சிலை கொடுக்கிறார், கட்டி கரைந்துவிடும். பயாப்சியால் மார்பகப் புற்றுநோய் பரவி ஆயுள் குறைவதில்லை. பச்சிலைக்காரரிடம் போய் ஆறு மாதம் கழித்துப் புண்ணாகி, நாற்றத்தோடு, துணியைச் சுற்றிக்கொண்டு வருகிற பெண்களை நான் பார்த்துக்கொண்டே இருக்கிறேன், முதலில் வந்திருந்தால் குணப்படுத்தியிருக்கலாமே என்று ஒவ்வொரு தடவையும் வயிறு எரிகிறது. இரண்டாவது கருத்து என்பது இன்னொரு புற்றுநோய் மருத்துவரிடம் கேட்பது. நூற்றுக்கு நூறு குணமாக்குகிறேன் என்று வாக்குக் கொடுப்பவர், முதல் டாக்டரைத் திட்டியே பேச்சை ஆரம்பிப்பவர், இரண்டு பேரிடமும் ஜாக்கிரதையாக இருங்கள், அவர் எந்த வைத்திய முறையைச் சேர்ந்தவராக இருந்தாலும் சரி.

இரண்டு கருத்தும் வேறுபட்டால் என்ன செய்வது? மருந்தின் பெயர் வேறு, மூன்று வாரத்துக்கு ஒருமுறையா வாரா வாரமா என்பது போன்றவை பெரிய வித்தியாசமில்லை, குழப்பிக்கொள்ளவேண்டாம். எது முதலில் என்பதிலோ, நோய் எந்த வகை என்பதிலோ வேறுபட்டால் மட்டும் இரண்டாமவரிடம் நேராகக் கேளுங்கள்: "அவங்க சொன்னபடி செஞ்சா தப்பாகுமா டாக்டர், இல்லை அதுவும் ஒரு வழிதானா?" இந்தக் கேள்விக்கு நேர்மையான டாக்டர் தெளிவாகப் பதில் சொல்வார். அதுவும் ஒரு வழி என்றால், உங்களுக்குப் போய்வரத் தோதான இடத்தில் செய்துகொள்ளுங்கள். தப்பு என்றால் ஏன் என்று ஒரு சீட்டில் எழுதித் தரச் சொல்லி, அதை முதல் டாக்டரிடம் காட்டுங்கள், அவர் ஒப்புக்கொண்டுவிடலாம். அப்படியும் தீரவில்லை என்றால் அந்த ஒரு கேள்விக்கு மட்டும் மூன்றாவது ஆளிடம் போகலாம். நாலாவது, ஐந்தாவது வேண்டாம். ஆறு ஊர் சுற்றி, யாராவது ஆபரேஷன் வேண்டாம் என்று சொல்லமாட்டார்களா என்று தேடி அலைந்த குடும்பங்களும் எனக்குத் தெரியும், அங்கே தேடப்பட்டது வேறு.

கடைசியாக அக்கா. உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகமாக வலித்தது கடைசி வரிக்கு முந்தின வரி. அக்காவிடம் வெறும் கட்டி என்று சொல்லியிருக்கிறோம். ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று தெரியும், பாசத்தில்தான், தாங்கமாட்டாள் என்ற பயத்தில்தான். ஆனால் அக்காவுக்கு ஏற்கெனவே சந்தேகம் வந்திருக்கும் தம்பி. வெறும் கட்டிக்கு மார்பை எடுப்பார்களா? வீட்டில் எல்லோரும் சமையலறையில் குசுகுசுவென்று பேசுவது, தான் வந்தால் நிறுத்துவது, மாமா திடீரென்று மல்லிப்பூ வாங்கி வருவது, இதெல்லாம் 46 வயதுப் பெண்ணுக்குப் புரியாதா? அவர் உங்களுக்காகத் தெரியாத மாதிரி இருக்கிறார். ராத்திரி விழித்திருப்பார்.

அவருக்குச் சொல்லாமல் இரண்டாவது கருத்து என்பதே பாதி வேலைதான். கட்டி எப்போது முதலில் கைக்குத் தட்டுப்பட்டது, மாதவிலக்கு நின்றுவிட்டதா, மார்பு இருப்பதும் இல்லாததும் அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம், முடி கொட்டுவதை எப்படி எடுத்துக்கொள்வார், இதற்கெல்லாம் நீங்களோ மாமாவோ பதில் சொல்லமுடியாது. ஆபரேஷன் சம்மதத்தில் கையெழுத்துப் போடவேண்டியவரும் அவர்தான். நாளைக்குக் கீமோ வார்டில் உட்காரும்போது பக்கத்துப் படுக்கைக்காரி, "உங்களுக்கு எந்த ஸ்டேஜு" என்று கேட்டுத் தெரிந்துகொள்வதை விட, தம்பி வாயால் கேட்பது நல்லது.

எப்படிச் சொல்வது என்று கேட்பீர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் போன பிறகு, மாமாவும் நீங்களும் மட்டும், டி.வி.யை அணைத்துவிட்டு உட்காருங்கள். "அக்கா, டெஸ்ட்ல கேன்சர்னு வந்திருக்கு. இதுக்கு வைத்தியம் இருக்கு. ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி பெரிய ஆஸ்பத்திரியில ஒரு தடவை கேட்டுக்கலாம்னு இருக்கோம், நீயும் வா, நீயே கேளு." இவ்வளவுதான். அழுவார், அழட்டும், கூட இருங்கள். ஒரு மணி நேரம் கழித்து அவரே கேள்வி கேட்க ஆரம்பிப்பார். அந்தக் கேள்விகளை அவர் கையாலேயே ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள், டாக்டர் அறைக்குள் போனதும் எல்லாம் மறந்துபோகும். உள்ளே நாலு பேர் போகவேண்டாம், அக்காவும் இன்னொருவரும் போதும், அந்த இன்னொருவர் டாக்டர் சொல்வதை எழுதிக்கொள்ளட்டும்.

ஐ.எச்.சி. ரிப்போர்ட் வந்ததும் எனக்கும் அனுப்புங்கள். அதில் ஹெர்-2 என்ற வரிக்கு நேரே 0 அல்லது 1+ என்று இருந்தால் நெகட்டிவ், 3+ என்றால் பாசிட்டிவ். 2+ என்று இருந்தால் அது முடிவு இல்லை, ஃபிஷ் என்ற இன்னொரு சோதனையை அதே பிளாக்கில் செய்யவேண்டும், அது வர இன்னும் ஒரு வாரம் பத்து நாள் ஆகலாம். அந்த ஒரு காரணத்துக்காக நீங்கள் வட்டமிட்ட தேதி தள்ளிப்போனால் பரவாயில்லை, காத்திருங்கள்.